மூன்றாவது டெமோவின் சத்தம்

1

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கையும் களவுமாகப் பிடித்தால் அசிங்கம். இந்தக் கதை ஒரு பல்வலியில் பிறந்தது. கன்னம் வீங்கி, எதையும் படிக்க முடியாமல், போனில் கைக்கு வந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், யாரோ ஒருவர் தானே செய்த புது கிட்டார் ஆம்பைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஆம்ப் என்றால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெட்டி. இது வால்வு ஆம்ப். பழைய ரேடியோவின் முதுகுப்பக்கம் செம்மஞ்சளாக எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள் வைத்தது. முகம் தெரியவில்லை, முழங்கை மட்டும் தெரிந்தது. நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கீழே இருந்த கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். கிட்டார்காரர்களைப் போலச் சண்டை போடுகிறவர்களை நான் இலக்கியக் கூட்டங்களில்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் களேபரத்துக்கு நடுவே ஒருவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இந்தச் சத்தத்தை நான் முன்னாடியே கேட்டிருக்கேன்." அதற்கு யாரும் பதில் போடவில்லை. பல்வலி மூன்று நாளில் போய்விட்டது, அந்த வரி போகவில்லை. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"வால்வுகள் சூடாக அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் அவர் வாழ்க்கை முழுவதும் கண்முன்னே—"

(அடித்துவிட்டேன். அரை நிமிஷத்தில் யாருடைய வாழ்க்கையும் கண்முன்னே வருவதில்லை. மூக்கு அரிக்கும், அவ்வளவுதான்.)

இரண்டாவது: "அவர் ஒரு மேதை." (இதையும் அடித்தேன். மேதைகளை வைத்துக்கொண்டு கதை எழுதினால் அவர்கள் நம்மைப் பேச விடமாட்டார்கள்.)

மூன்றாவது ஆரம்பம் நின்றது. அது இது:

ஷாக் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தொரு வயது. இளவயதில் ஐந்து பேர் கொண்ட இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். ஒரு மேடையில் மைக்கில் உதட்டை வைத்ததும் கரண்ட் அடித்து, பாட்டின் நடுவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. அன்றிலிருந்து ஷாக். வீட்டுக்காரம்மாகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி, வீட்டுக்குக் கீழே இருந்த சாமான் அறையில் உட்கார்ந்து, அவர் ஒரு வால்வு ஆம்ப் செய்தார். செய்தவர் சும்மா இருப்பாரா? டெமோ எடுத்துப் போட்டார்.

3

முதல் டெமோவுக்கு வந்த கருத்துகளிலிருந்து:

"சுத்தமா இருக்கு அண்ணே. ஆஸ்பத்திரி மாதிரி."

"டோன் விரல்லதான் இருக்கு, பெட்டியில இல்ல."

"அப்போ நீ விரலையே மேடையில மாட்டிட்டு வாசி."

இரண்டாவது டெமோவுக்கு ஷாக் இரண்டு வால்வுகளை மாற்றி, ஸ்பீக்கரை மாற்றி, தரையில் கிடந்த கோணிப்பையைக்கூட மாற்றிப் பார்த்தார். "முன்னாடி பரவாயில்ல" என்று பதினெட்டுப் பேர் எழுதினார்கள்.

மூன்றாவது டெமோ போட்ட அன்று சாயங்காலமே கதை மாறிவிட்டது.

"அய்யய்யோ. இது என்ன பண்ணீங்க?"

"நாப்பதாவது செகண்ட்ல அந்தக் கம்பி இழுப்பு... எனக்கு என் பழைய காலேஜ் ரூம் ஞாபகம் வந்துடுச்சு."

"மேல் சத்தம் உறுத்தாம, யாரோ போர்வை போத்தி விட்ட மாதிரி இருக்கு. இதுக்குத்தான் இத்தனை வருஷம் தேடினேன்."

போர்வை என்று எழுதினவருக்குத் தான் எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாது. பிறகு சொல்கிறேன்.

நாலாவது நாள் ஷாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு போனோடு ஓடிவந்தார்.

"ஏங்க, தம்பி எழுதியிருக்கான்! உங்க வீடியோல, பாருங்க, தம்பி!"

"எந்தத் தம்பி?"

"எனக்கு எத்தனை தம்பிங்க?"

அதில் இப்படி இருந்தது: "அத்தான், இது நம்ம ரூம் சத்தம். கதவைப் பூட்டாம விட்டவன் எழுதறேன். ஞாயித்துக்கிழமை வந்து ஒரு தடவை வாசிச்சுப் பாக்கலாமா?"

அக்கா அதற்குள் தம்பிக்குப் போன் போட்டு, அழுது, திட்டி, வரச் சொல்லியும்விட்டார். பத்தொன்பது வருஷத்தில் வருஷத்துக்கு ஒரு போன், அதுவும் உடம்பு எப்படி, சரி வெக்கறேன் என்று முடிகிற போன். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்தது. ஷாக் தட்டில் கை கழுவினார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

4

இந்த இடத்தில் பழைய கதை சொல்ல வேண்டும். கதைக்குள் பழைய கதை வரும்போது வாசகர்கள் பக்கம் எத்தனை என்று புரட்டிப் பார்ப்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், இங்கேதான் எல்லாம் இருக்கிறது.

குழுவுக்கு ஒரே ஒரு நல்ல ஆம்ப் இருந்தது. எல்லோரும் சேர்ந்து பழையதாக வாங்கியது, வால்வு வைத்தது, முப்பது கிலோ. அட்டைப்பெட்டி செய்கிற பட்டறைக்கு மேலே இருந்த அறையில்தான் பயிற்சி. தரையெல்லாம் பசை வாசனை. ஆம்பைப் போட்டதும் வால்வு சூடாகி, அதன்மேல் படிந்த தூசி மெல்லக் கருகும். அந்த வாசனை வந்தால்தான் வாசிக்கத் தொடங்குவார்கள். மழை நாளில் ஷாக் தன் ஈரக் கைக்குட்டையை அதன்மேல் காயப்போடுவார். குழுவில் இன்னொரு கிட்டார் மச்சான், அதாவது வீட்டுக்காரம்மாவின் தம்பி. அவன் ஆம்பின் பக்கத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே சுரத்தை ஐந்து நிமிஷம் வாசிப்பான். அவனை மாதிரி ஒரே சுரத்தை வாசிக்க ஆளில்லை என்பது ஷாக்கின் கட்சி. அந்த அறையில் இருந்த சந்தோஷம் பிறகு எந்த அறையிலும் இருக்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்.

முப்பது கிலோவைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது என்று, அதைக் கொடுத்துவிட்டு இலேசான டிரான்சிஸ்டர் ஆம்ப் இரண்டு மாற்றிக்கொள்ளலாம் என நாலு பேர் முடிவு செய்தார்கள். மச்சானும் அந்த நாலில் ஒருவன். திங்கட்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷாக் மாற்றுச் சாவியோடு தனியாகப் போனார். ஆம்பைத் தூக்கினார். இரண்டு கையும் பெட்டியில் இருந்தால் பூட்டுவது எப்படி? கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து பூட்டலாம் என்று இறங்கினார். கீழே வந்ததும் பட்டறைக்காரர் வருவது தெரிந்தது. மேலே போய்ப் பூட்டாமலே ஷாக் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.*

* எங்கே வைத்தார் என்று கேட்பீர்கள். எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடுகிற அறையில். அங்கே மெக்கானிக்கைத் தவிர யாரும் வரமாட்டார்கள். போன வருஷம் அந்த லிஃப்டையே மாற்றினார்கள், பெட்டி சாமான் அறைக்கு வந்தது.

ஒரு வாரம் ஒளித்துவைத்தால் மாற்றும் ஏற்பாடு கெட்டுப்போகும், பிறகு சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்பதுதான் அவர் கணக்கு. ஆனால் திங்கட்கிழமை காலை, திறந்து கிடந்த கதவின் முன்னால், கடைசியாகப் பூட்டிய மச்சானை எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். அவன் வெளுத்துப்போய், "நான்தான் பூட்டாம விட்டுட்டேன் போல" என்றான். ஷாக்கும் அவர்களோடு சுற்றி நின்றார். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தார். சாயங்காலம் அவன் அக்காவே, "ஒரு கதவைக்கூட ஒழுங்காப் பூட்டத் தெரியாதாடா உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அவன் அந்த வாரமே வேறு ஊருக்கு வேலை தேடிக்கொண்டு போனான். குழு கலைந்தது. அதற்குப் பிறகு சொல்வது ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

5

இப்போது மூன்றாவது டெமோ.

புது ஆம்பைச் சரிபார்க்க ஷாக்குக்கு ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. எது அளவுகோல் என்று சொல்ல வேண்டியதில்லை. கிட்டாரிலிருந்து வருகிற வயர் காலால் அமுக்குகிற ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும். ஒரு அமுக்கு அமுக்கினால் புது ஆம்ப், சிவப்பு விளக்கு. இன்னொரு அமுக்கு, பழைய ஆம்ப், பச்சை விளக்கு. மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் ஒப்பிடுவார்கள். பழைய ஆம்ப் கேமராவில் விழக்கூடாது என்று அதை மூலையில் தள்ளி, பெட்ஷீட்டைப் போட்டு மூடியிருந்தார். மைக் அறையின் நடுவில்.

மச்சானின் வரியைப் படித்த பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவைத் திரும்பப் பார்த்தார். தன் செருப்புக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு. மாற்ற மறந்திருக்கிறார், ஒலித்தது முழுக்கப் பழைய ஆம்ப். புது ஆம்ப் கேமராவுக்கு முன்னால் செம்மஞ்சளாக எரிந்துகொண்டு வாயைத் திறக்கவே இல்லை. ஆயிரம் கிட்டார்காரர்கள் பார்த்தார்கள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். பத்தொன்பது வருஷத்து உண்மையை மறைத்தவரை நான் ஏன் இவ்வளவு செல்லமாக எழுதுகிறேன்? இரண்டாம் பிரதியில் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். அவர் அப்போதும் ஈரக் கைக்குட்டையைக் காயப்போட்டுக்கொண்டுதான் இருந்தார்.)

(இன்னொன்று. முப்பது கிலோ சாமானை வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் வீட்டில் வைக்க முடியுமா? முடியவே முடியாது என்கிறாள், கதையைப் படித்த என் மனைவி. ஆகவே வீட்டுக்காரம்மாவுக்கு வயர் பற்றவைக்கிற ஈயப் புகை ஒத்துக்கொள்ளாது, சாமான் அறைப் பக்கமே வரமாட்டார் என்று வைத்துக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு இந்த ஒரு வசதிதான் உண்டு.)

6

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். நாற்பத்தேழு வயது, முன்தலை வழுக்கை, முதுகில் கிட்டார் பை. அக்கா வாசலிலேயே அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "டேய், கிழவனாயிட்டியேடா" என்று அழுதார்.

"நீ மட்டும் என்ன, ஸ்கூலுக்கா போற?" என்று அவனும் அழுதான்.

ஷாக்கால் அதைப் பார்க்க முடியவில்லை. இந்த இரண்டு பேரையும் இத்தனை வருஷம் பிரித்துவைத்தது ஒரு பெட்டி இல்லை, தன் வாய் என்று அவருக்குத் தெரியும். இன்று வாயைத் திறந்தால் இந்த அழுகை நின்றுவிடுமோ என்ற பயமும் இருந்தது.

இருவரும் கீழே சாமான் அறைக்கு வந்தார்கள். மச்சான் கிட்டாரை எடுத்துக்கொண்டு காலிப் பையை மூலையில் பெட்ஷீட் மூடிய பெட்டிமேல் சாய்த்தான். ஷாக் அந்த மூலையைப் பார்க்காமல் சின்னப் பெட்டியின் பக்கம் போனார். காலை வைத்து அமுக்கினார். சிவப்பு.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே சுரத்தை வாசித்தான். ஐந்து நிமிஷம். விரல் அதே விரல்தான். சத்தம் சுத்தமாக, ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு அத்தான்" என்றான்.

"வீடியோல வந்த மாதிரி இருக்கா?"

"வீடியோல ஒரு மாதிரி, நேர்ல ஒரு மாதிரி. அது கிடக்கட்டும். நல்லாத்தான் இருக்கு." பொய் சொல்லும்போது அவன் காதுமடல் சிவக்கும். இப்போதும் சிவந்தது.

7

நான் இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன்.

ஒன்று: ஷாக் பெட்ஷீட்டை உருவுகிறார். மச்சான் பார்க்கிறான், பையை எடுத்துக்கொண்டு படியேறுகிறான், அக்கா வாசல்வரை ஓடுகிறார். நன்றாக வந்திருந்தது. அதிலும் அந்த வாசல்.

இரண்டு: ஷாக் சொல்லவில்லை. மூவரும் மேலே போய்ச் சாப்பிட்டுச் சிரிக்கிறார்கள், மச்சான் மாதாமாதம் வருகிறான். இதை எழுதும்போது எனக்கே நிம்மதியாக இருந்தது, அதனால்தான் சந்தேகப்பட்டேன்.

இரண்டில் எதைப் போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மச்சான் பேச ஆரம்பித்துவிட்டான். இதை நான் திட்டமிடவில்லை.

"அத்தான், ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது."

"கேளு."

"அன்னைக்கு நான் பூட்டினேன். பூட்டிட்டு, இழுத்துப் பாத்துட்டு, சாவியைச் சட்டைப் பையில போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா கதவு திறந்து கிடந்துச்சு. எல்லாரும் பாத்தீங்க. சரி, நமக்குத்தான் ஞாபகம் தப்புன்னு ஒத்துக்கிட்டேன். அன்னையிலேருந்து என் ஞாபகத்தையே நான் நம்பறதில்ல. வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து இழுத்துப் பாக்கறேன். கேஸை மூடினேனா, பொண்ணை ஸ்கூல்ல விட்டேனா, எல்லாத்துக்கும் ரெண்டு தடவை. என் பொண்ணு எனக்கு ரெண்டு தடவை அப்பான்னு பேரே வெச்சிருக்கு." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஆம்ப் போனா போகட்டும் அத்தான். எனக்கு அதுமட்டும் தெரிஞ்சா போதும். நான் அன்னைக்குப் பூட்டினேனா, இல்லையா?"

இதற்குப் பிறகு என் இரண்டு முடிவுகளையும் கிழித்துப்போட வேண்டியதாயிற்று. இரண்டிலும் நான் ஆம்பைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பதில் ஒரே வார்த்தைதான். உலகத்தில் அது தெரிந்தவர் ஒருவர்தான். அதைச் சொன்னால் மச்சானுக்கு அவன் புத்தி திரும்பக் கிடைக்கும். ஷாக்குக்கு மச்சானும் வீட்டுக்காரம்மாவும் மிஞ்சுவார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையைப் பதினொரு தடவை எழுதி அழித்தேன். நான் எழுதினால் அவருக்குப் பதிலாக நான் சொன்னதாகிவிடும். தன் குற்றத்தை இன்னொருத்தர் வாயால் சொல்லவிட்டுச் சும்மா நின்றதுதான் அவர் அன்று செய்ததும்.

மச்சான் கம்பிகள் அதிராமல் உள்ளங்கையை அவற்றின்மேல் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஷாக்கின் உதடு பிரிகிறது. மேலே மாடிப்படியில் நின்றுகொண்டு வீட்டுக்காரம்மா கேட்கிறார்:

"என்ன, ரெண்டு பேரும் சத்தத்தையே காணோம்?"

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். நீங்கள் வேண்டுமானால் அவர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.