நான்காவது ரன்

தோள் காயம் ஆறிய பந்து வீசும் பிட்சர் ஒருவன் திங்கட்கிழமை பேஸ்பால் அணிக்குத் திரும்புகிறான். அவனுக்கு இடம் விட, கடைசி இன்னிங்ஸ்களில் வீசுகிறவர்களில் ஒருவரை அனுப்பியாக வேண்டும் என்று மேனேஜர் கெஸ்லர் சொல்லியிருந்தார். யாரை என்று அவர் சொல்லவில்லை. லோர்ன் ஹாட்ஸெல் கடைசியாக இறங்கிய இரண்டு ஆட்டங்களையும் கோட்டைவிட்டிருந்தான். எல்லோரும் அவனிடம் கொஞ்சம் அன்பாகவே பேசினார்கள். வயது முப்பத்தைந்து. இந்தச் சின்ன லீக்கும் வேண்டாமென்றால், மாமனாரோடு கூரை போடப் போக வேண்டியதுதான்.

ஞாயிறு பகல் ஆட்டத்தில் ஒரு வழி தெரிந்தது. எட்டாவது இன்னிங்ஸ் முடியும் நேரம், ஐந்துக்கு இரண்டு என்று முன்னிலை. கடைசியான ஒன்பதாவதில் இறங்கி அதைக் காத்து முடித்தால் லோர்ன் பெயரில் ஒரு சேவ், ஆட்டத்தைக் காப்பாற்றியவன் என்ற கணக்கு, ஏறும். மூன்று ரன் வரைதான் அந்தக் கணக்கு. முன்னிலை அதைத் தாண்டினால் ஆபத்தில்லை என்று விதி நினைக்கிறது. ஆபத்தில்லாத ஆட்டத்தை முடிப்பவனுக்கு ஒன்றும் கிடையாது.

மைதானத்தின் கோடியில், வேலிக்குப் பின்னால் லோர்ன் கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் எலாடியோ மொந்தாஸ், அவனைப் போலவே கடைசியில் வீசுகிற தோமினிக்கன் பையன், சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தான்.

அப்போது சொந்த அணியின் கேட்சர் அடித்த பந்து அவர்கள் தலைக்கு மேல் பறந்து வெளியே விழுந்தது. அரங்கம் எழுந்து கத்தியது. ஆறுக்கு இரண்டு. எலாடியோவும் கத்த வாயெடுத்தான். லோர்னின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"மாசம் பூரா சும்மா இருந்தான். இவனுக்கு இன்னைக்குத்தானா கண்ணு தெரியணும்?"

ஜெயித்தால் சரி என்றான் லோர்ன். தொலைபேசி அடித்தது. நான்கு ரன் இருப்பதால் எலாடியோ போதும் என்றார் கெஸ்லர். லோர்ன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

எலாடியோ கதவருகே நின்றான். "பெருசு, எத்தனை பேர் பேஸ்ல நின்னா உனக்கு அந்த சேவ் திரும்ப வரும்?"

லோர்ன் யோசிக்காமல் சொன்னான். ஓட்டத்தின் நடுவே பேஸ்களில் நிற்பவர்கள் இரண்டு, அடிப்பவன் ஒன்று, அடுத்துக் காத்திருப்பவன் ஒன்று. நான்கு பேரும் ஓடி முடித்தால் ஆட்டம் சமம். அப்போது விதிக்கு மறுபடி ஆபத்து தெரியும். "ரெண்டு பேர். ஏன்டா?"

எலாடியோ மைதானத்துக்குள் ஓடினான்.

அவன் பந்து எப்போதும் சொன்ன இடத்தில் விழும். அன்று ஒவ்வொன்றும் ஒரே அளவு தள்ளிப் போனது. அப்படி நான்கு போனதும், விதிப்படி, அடிக்காமலே முதல் ஆள் பேஸுக்கு நடந்தான். அடுத்தவனும் நடந்தான். கெஸ்லர் எழுந்து போய் எலாடியோவின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு லோர்னைக் கூப்பிட்டார்.

வழியில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"கை வழுக்கிடுச்சு." சிரித்தான். "போ, முடி."

லோர்னை எதிர்கொண்ட முதல் ஆள் அடித்த அடியில், பேஸில் நின்ற இருவருமே ஓடி முடித்துவிட்டார்கள். பிறகு லோர்ன் அடுத்த மூன்று பேரையும் வீழ்த்தி ஆட்டத்தை முடித்தான். ஆறுக்கு நான்கு. லோர்னுக்கு சேவ். அந்த இரண்டு ரன்னும் எலாடியோ பெயரில் ஏறின, ஆட்களைப் பேஸில் விட்டவன் அவன் என்பதால்.

காலையில் லோர்ன் உடைமாற்றும் அறைக்குள் வந்தபோது எலாடியோ அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"என்னைப் போகச் சொல்வாங்கன்னு நெனைக்கவே இல்ல, பெருசு."

கெஸ்லரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றான் லோர்ன்.

"என்னன்னு? வேணும்னே தள்ளிப் போட்டான்னா? அப்புறம் எவன் என்னைச் சேர்ப்பான்?"

ஆனாலும் லோர்ன் போனான். கெஸ்லர் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அந்தப் பையனை அனுப்ப எனக்கு மனசே இல்ல. நல்ல கை. ஆனா நாலு ரன் கையில இருந்தும் நடுங்குறான். நீயும் பாத்தல்ல?"

லோர்ன் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"பாத்தேன்," என்றான்.