மணத்திரை விளக்குகள்

"நீங்க எங்க வீட்ல எத்தனை நாள் இருப்பீங்க?"

என் மகன் ஷெராலி ஐந்து வயதில் என்னைக் கேட்ட கேள்வி இது. அவனை இங்கேயே விட்டுவிட்டு, மூன்று வருடம் ரஷ்யாவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் நானும் என் கணவரும் வேலை பார்த்துவிட்டு எங்கள் ஊரான மர்கிலானுக்குத் திரும்பிய நாள். பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. அவன் என் ஓரகத்தி மஸ்தூராவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஸ்தூரா மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மாடா இவங்க. உன் அம்மா. போ, போய்க் கட்டிக்கோ" என்று அவன் முதுகில் கைவைத்து என் பக்கம் தள்ளினாள்.

அந்தத் தள்ளலைப் பத்தொன்பது வருடமாக நான் மன்னிக்கவில்லை. என் பிள்ளையை எனக்குக் கொடுப்பதற்கு இவள் யார்?

முற்றத்தின் ஒரு பக்கம் எங்கள் அறைகள், எதிர்ப்பக்கம் கொழுந்தனும் மஸ்தூராவும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஷெராலியின் செருப்பு எதிர்ப்பக்கத்து வாசலில்தான் கிடக்கும். அவன் கிண்ணத்தில் இறைச்சியை அதிகமாகப் போட்டுக் கொடுப்பேன். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சாப்பிடுவான். காய்ச்சலில் பிதற்றினால் வாயில் வருவது அவள் பெயர். அவனுக்குப் பிறகு எனக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. மூன்றும் என்னைவிட்டு நகராத குழந்தைகள். ஆனாலும் என் கண் எதிர்வாசலில் கிடந்த அந்தச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. எங்கள் தெருவில் புதுப்பெண் வந்து அமரும் மூலைக்கு மணத்திரை கட்டுவார்கள். அதைக் கட்டுகிறவள் ஒரே நிக்காஹ் செய்தவளாக, பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். மஸ்தூராவை முதல் கணவன் எட்டே மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டான். என் கொழுந்தனுக்கு அவள் இரண்டாம் நிக்காஹில் வந்தாள். இறைவன் குழந்தையும் கொடுக்கவில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் அந்த அறை வாசலோடு அவள் நின்றுவிடுவாள். நானோ இருபது வீடுகளுக்கு மேல் திரை கட்டியவள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, எதிர்ப்பக்கம் காதில் விழுகிற குரலில் அதைச் சொல்லியும் இருக்கிறேன். இறைவன் என்னை மன்னிக்கட்டும்.

இப்போது ஷெராலிக்கே கல்யாணம். மாலையில் பெண் வருகிறாள். விடியற்காலைப் புலவு விருந்து முடிந்து ஆண்கள் கலைந்த பிறகு, மதியத் தொழுகையும் முடித்துவிட்டு நானும் ஹோசியத் அக்காவும் திரை கட்ட ஆரம்பித்தோம். ஹோசியத் அக்காதான் எங்கள் தெருவில் இந்தக் காரியங்களுக்கெல்லாம் தலைவி. வெள்ளைப் பட்டுத் திரை, அதன் பின்னால் ஷெராலி தாஷ்கந்திலிருந்து வாங்கிவந்த விளக்குச் சரம். ஒரு தலைக்கம்பியிலிருந்து முப்பது இழைகள் தொங்கும். இழைக்குப் பத்தாக முந்நூறு சின்ன எல்.இ.டி. விளக்குகள். பட்டும் சரமும் ஒரே கொக்கிகளில்தான் மாட்டியிருந்தன.

சுவிட்சைப் போட்டேன். இடப்பக்கம் எரிந்தது, வலப்பக்கம் எரிந்தது. நடுவில், மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க வேண்டிய அதே இடத்தில், பத்து இழைகள் இருண்டு கிடந்தன.

"அட ஆண்டவனே! முன்பல்லு விழுந்த கிழவி சிரிக்கிற மாதிரியில்ல இருக்கு" என்றாள் ஹோசியத் அக்கா.

செருகியை உருவி மறுபடி செருகினேன். சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். இரண்டு ஓரமும் கண்சிமிட்டின, நடு அப்படியே இருந்தது. அந்த நேரம் ஷெராலி எட்டிப் பார்த்தான்.

"சித்தியைக் கூப்பிடுங்கம்மா. அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்க."

மஸ்தூரா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போன் பழுதுபார்க்கிறவள். படங்கள் உள்ள போனைக் கடை ஆம்பளைகளிடம் கொடுக்கக் கூசுகிற பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

"இந்த ரூமுக்குள்ளயா கூப்பிடச் சொல்றே?" ஹோசியத் அக்கா இடுப்பில் கைவைத்தாள்.

"விளக்கைத்தானே தொடப்போறாங்க, திரையையா தொடப்போறாங்க?"

"விளக்கு வானத்துலயா தொங்குது மாப்பிள்ளை? திரையிலதானே தொங்குது!"

"யாரும் வேண்டாம், நானே பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்களா?" என்று ஷெராலி சிரித்தான். சாதாரணச் சிரிப்புதான். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இரண்டு பேரையும் அனுப்பிக் கதவைச் சாத்தினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது புத்தாண்டுக்கு வீட்டில் நிறுத்தும் மரத்துக்குக் கண்ணாடிக் குண்டு விளக்குச் சரம் போடுவோம். ஒன்று போனால் சரமே அணைந்துவிடும். என் அப்பா செத்த விளக்கைக் கழற்றிவிட்டு, அந்தக் குழிக்குள் தேயிலைப் பொட்டலத்து ஈயத்தாளைச் சுருட்டி அடைப்பார். மற்றதெல்லாம் எரியும். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது.

இதில் குழி இல்லை, விளக்குகள் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால் என்ன? செருகியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு விளக்கைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். கம்பிமுனை இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். எரியவில்லை. சந்தேகப்பட்ட இன்னொன்றையும் வெட்டினேன். பிறகு இன்னொன்று. எது செத்தது எது உயிரோடிருப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நெற்றி வியர்த்துவிட்டது. எட்டாவது விளக்கையும் வெட்டி முறுக்கினேன். ஒன்பதாவதைச் சந்தேகத்தோடு அழுத்தி நெளித்துவிட்டு, மின்செருகியைச் செருகினேன். நடுப்பகுதி பளீரென்று எரிந்தது. மற்ற இரண்டு பக்கத்தையும்விட வெளிச்சம்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைத் திறந்து, "ஷெராலி, வந்து பாருடா!" என்று கத்தினேன்.

வந்தான். பார்த்தான். "அம்மா!" என்று என் தோளில் கையைப் போட்டான். பெரியவனான பிறகு அவன் அப்படிக் கைபோட்டதாக எனக்கு நினைவில்லை. அந்தக் கையின் கனத்தில் நான் அசையாமல் நின்றேன்.

கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நடு மறுபடியும் இருண்டது. கருகிய வாடை வந்தது.

கை மெதுவாக என் தோளிலிருந்து இறங்கியது. "பரவாயில்லம்மா" என்றான். பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"சித்தீ!"

அவள் வந்தாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இறக்கிக் குடுங்கக்கா. நான் இங்கயே உக்காந்து பாக்கறேன்."

பட்டு, சரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. நடையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து, மின்சாரம் சோதிக்கும் மீட்டரின் இரண்டு முனைகளிலும் தையல் ஊசிகளைக் கட்டி வைத்துக்கொண்டு, கம்பியை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டாள். நான் அவளை ஒட்டி நின்றேன். ஷெராலி அவள் பக்கத்தில் குந்தினான், சின்ன வயதில் குந்துவது போலவே.

என் முதல் முறுக்கில் அவள் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறாள், 'யாருடா இதை இப்படிக் குதறினது?' என்று கேட்கப்போகிறாள், அவனும் சிரிக்கப்போகிறான். விரல் நகர்ந்தது. இரண்டாவது முறுக்கு, மூன்றாவது. எட்டையும் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன சித்தி, எங்க போச்சு?"

அவள் தலைமுக்காட்டின் நுனியை இழுத்து முறுக்குகளின் மேல் போட்டாள். ஊசிகளை ஒரு விளக்கின் இரண்டு பக்கமும் கம்பியில் குத்தினாள். அது மின்மினிபோல மெல்ல எரிந்தது. அடுத்ததும் எரிந்தது. நான் நெளித்த அந்த ஒன்பதாவது எரியவில்லை. அதன் கம்பிக்காலில் பச்சைத் துரு.

"இதோ. வாங்கும்போதே துருப்பிடிச்ச விளக்கு. உன் அம்மா இத்தனை தூரம் தேடி வெக்கலைன்னா எந்த இழைன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. நீ என்ன இன்னும் இங்கயே உக்காந்திருக்கே? போய்த் தலையைச் சீவு. இந்தக் கோலத்துல போனா பொண்ணு வீட்ல உன்னை சமையல்காரன்னு நினைச்சு வெங்காயம் உரிக்க வெச்சிடுவாங்க."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். சற்று நேரத்தில் தோழர்களோடு காரில் ஏறிப் பெண் வீட்டுக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"பழைய குண்டு விளக்கு மாதிரி இல்லக்கா இது" என்றாள், வேறு யாருக்கும் கேட்காத குரலில். "நூறு விளக்கும் ஒரே வரிசையில நிக்குது. எட்டை எடுத்துட்டா அதுங்க சுமையும் சேந்து மத்ததுங்க தலையில ஏறும். அதான் அவ்வளவு வெளிச்சம். அப்புறம் எது பலவீனமோ அது வெடிச்சிடுச்சு."

வெடித்ததையும் ஊசியால் கண்டுபிடித்தாள். மொத்தம் பத்து விளக்கு வேண்டும். எழுந்து போய், தன் வேலை ஜன்னலில் எப்போதும் தொங்குகிற சரத்தைக் கொண்டுவந்து, அதிலிருந்து பத்தை வெட்டினாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"இந்தக் கம்பியைக் கெட்டியாப் பிடிங்க. இல்ல, அந்தப் பக்கம். இதுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. ஒண்ணைத் திருப்பி வெச்சாலும் நூறும் எரியாது."

நான் பிடித்தேன். அவள் ஒவ்வொன்றாகத் திசை பார்த்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள், மேலே சின்னக் குழாய் உறை போட்டுச் சூடு காட்டி இறுக்கினாள். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருடத்தில் அவ்வளவு அருகில் உட்கார்ந்ததில்லை. அவள் முன்நெற்றி முடி நரைத்திருப்பதை அன்றுதான் கண்டேன்.

"அவன்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"எதை?" என்றாள் நிமிராமல்.

அவள் நல்லவளாக இருப்பதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்வதானால், அவள் என்னை அவமானப்படுத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. அவளை வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

பாங்கு ஒலித்தது. பிற்பகல் அஸர் தொழப் போனேன். நெற்றியைத் தரையில் வைத்தபோது, மருமகள் நல்லபடி வரவேண்டும் என்று கேட்க நினைத்திருந்ததெல்லாம் வாயில் வரவில்லை. மூன்று வருடம் ஒருத்தி என் பிள்ளைக்குச் சோறூட்டினாள், பேச்சுக் கற்றுக்கொடுத்தாள், நான் வந்த அன்று இவள்தான் அம்மா என்று அவனுக்கு என்னைக் காட்டினாள். அதற்காக ஒரு நல்ல வார்த்தை நான் சொன்னதில்லை. நன்றி சொல்லிவிட்டால் அவன் அவளுடையவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பயம். தரையிலிருந்து நெற்றியை எடுக்க வெகுநேரமாயிற்று.

நான் திரும்பியபோது முந்நூறு விளக்கும் நடையில் எரிந்துகொண்டிருந்தன. அவள் அணைத்து, சிக்கல் விழாமல் இழைகளை மடித்து, வாசற்படியைத் தாண்டாமல் கையை நீட்டி என்னிடம் கொடுத்தாள். பிறகு ஒரு அடி பின்வாங்கி நின்றாள். யாரும் சொல்லாமலே பழகிப்போன அடி அது.

ஹோசியத் அக்கா உடை மாற்றப் போயிருந்தாள். மற்றவர்கள் தெருவாசலில் கார்களை எதிர்பார்த்து நின்றார்கள். நான் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே கொக்கிகளைப் பார்த்தேன். மூன்று வருடம் அவனைத் தூக்கி வளர்த்த கைகளிலிருந்து அவனுக்கு என்ன கெடுதல் வந்துவிடும்?

"மஸ்தூரா, இதை நீ மாட்டு" என்றேன்.

"கை வலிக்குதாக்கா? ஹோசியத் அக்காவைக் கூட்டிட்டு வரவா?"

"கை வலிக்கல. நீ மாட்டு."

அவள் முகம் வெளுத்தது. "வேண்டாங்கக்கா. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைத்தான்..."

"பிஸ்மில்லாஹ் சொல்லி மாட்டு. நான் வெளிய நிக்கறேன், யாரும் வரமாட்டாங்க." சரத்தையும் பட்டுத் திரையையும் அவள் கைகளில் வைத்து, தோளைப் பிடித்து உள்ளே விட்டு, வெளியிலிருந்து கதவைச் சாத்தினேன்.

புதுத் துணியும் அத்தர் வாசமுமாக ஹோசியத் அக்கா வந்து சேர்ந்தாள். "என்ன இனோபத், கதவுக்குக் காவலா நிக்கிறே? திரை ஆச்சா இல்லையா?"

"ஆயிட்டிருக்குக்கா. பொண்ணு தலையில தூவ மிட்டாய்த் தட்டு எடுத்து வெச்சாங்களான்னு பாருங்க. போன கல்யாணத்துல நீங்க பாக்கலைன்னுதான் மறந்துட்டாங்க."

"என்னை விட்டா இந்தத் தெருவுல எவளுக்கு என்ன தெரியும்!" என்று புலம்பிக்கொண்டே அவள் போனாள்.

உள்ளே முக்காலி நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நான் தட்டவில்லை. தெருமுனையில் கர்னாய் என்னும் நீண்ட ஊதுகொம்புகள் முழங்க ஆரம்பித்தன, எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். அவள் அவசரப்பட வேண்டாம் என்று, கதவில் முதுகைச் சாய்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.