கொள்ளிடம் தாண்டி இடப்பக்கம்

பாலக்கரை பீமராவ் பார்சல் சர்வீஸின் டிரைவர் தங்கையன் காலையில் சென்னைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய், அங்கே இறக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்பி வந்தபோது அவனுக்கு மூன்று மாதத் தாடி வளர்ந்திருந்தது. புறப்படும்போது மழித்த முகம். கோடவுனில் பார்சல்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி அமிர்தம், வேனிலிருந்து இறங்கியவரை யாரோ சாமியார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டாள்.

அதற்கு முந்தைய வருடம்தான் பீமராவ் தன் அப்பா காலத்து லாரிகளைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். ராத்திரி ஏற்றிய வாழைத்தாரும் பூவும் விடியும்போது கோயம்பேட்டில் இறங்கினால் போதும் என்றிருந்த காலம் முடிந்துவிட்டது. சென்னையில் போனில் ஆர்டர் போடுகிறவர்களுக்குக் காலையில் கேட்டது காலையிலேயே வேண்டும். அவருக்குச் சரக்குக் கொடுத்த பெரிய கம்பெனி இரண்டே நிபந்தனை சொன்னது: வேகம் வேண்டும், புகை கூடாது. கரண்டில் ஓடும் வேன்கள் வந்தன. வழி சொல்ல ஒரு செயலியும் வந்தது. முதல் வாரம் அது ஊரறிந்த ஹைவேயைக் காட்டியது. பிறகு ஒரு நாள் கொள்ளிடம் பாலம் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. அங்கே வாழைத்தோப்பைத் தவிர எதுவும் கிடையாது. தங்கையன் திரும்பினான். ரோடு இருந்தது.

அந்த ரோட்டில் மரமில்லை, டீக்கடையில்லை, எதிரே ஒரு வண்டியில்லை. வெயில் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பேட்டரி ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. தங்கையன் தூக்கம் வந்தபோதெல்லாம் தூங்கி, லோடில் இருந்த பழத்தைத் தின்று, ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். பயந்துபோன பீமராவ் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனார். உடம்பில் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் வெயிலில் அலையாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அடுத்து உஸாமா என்ற டிரைவர் அதே வழியில் போனான். திரும்பி வந்து சாவியை மேஜைமேல் வைத்தான். "என் பேரையே கத்திக் கத்திக் கூப்பிட்டுக்கிட்டுப் போனேங்க. நின்னா அந்த ரோடு நம்ம மூச்சை ஒட்டுக் கேக்குது. அல்லா மேல ஆணை, இனிமே போகமாட்டேன்" என்றான். மறுவாரமே ஊரைவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான்.

பீமராவ் அந்த வழியை நிறுத்தினார். ஆர்டர் நின்றது. கோடவுனில் லேபிள் ஒட்டுகிற பெண்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் தங்கையனே வந்து, "நான் போறேங்க முதலாளி. எனக்குத்தான் பழகிடுச்சே" என்றான். பீமராவ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் ராத்திரிகளில் சரியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை. புகையில்லாமல் சரக்கு அனுப்பியதற்காக அந்த வருடம் அவர் கம்பெனிக்கு ஒரு விருது கொடுத்தார்கள். அதை வாங்கப் போகாமல் ஆள் அனுப்பினார்.

அமிர்தம் கட்டிக்கொடுக்கும் சோறு முதல் வளைவிலேயே தீர்ந்துவிடும் என்பதால் அரிசியும் அடுப்பும் வேனிலேயே ஏற்றிவிட்டார்கள். காலையில் கறுப்பு முடியோடு போன கணவன் பத்து மணிக்குள் நரையோடு வந்து நின்றான். ஆடி மாதம் முன்பற்கள் போயின. ஐப்பசியில் கண்ணாடி போட்டுக்கொண்டான். வேன் கேட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அவள் லேபிளைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். இன்றைக்கு ஸ்டியரிங்கில் உயிரோடு இருப்பாரா என்பதுதான் அவளுடைய பயம். பொன்மலை வீட்டில் ராத்திரி அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடினான். "போகாதீங்க" என்று அவள் அழும்போது, தூரத்தில் யாரோ அழுவதைக் கேட்பவன் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டான்.

தை பிறந்த பிறகு ஒரு காலை, வேனை நிறுத்திவிட்டு இறங்கிய கிழவர் நேராக அவள் மேஜைக்கு வந்தார். மரியாதையாகச் செருப்பை ஓரமாக விட்டார்.

"ஏம்மா, இங்க அமிர்தம்னு ஒருத்தி வேலை பார்த்தா. என் சம்சாரம்தான். இருக்காளா?"

அமிர்தம் அலறவில்லை. கையில் ஒட்டியிருந்த லேபிளைப் பிய்த்துப்போட்டாள். "இருக்காங்க, உக்காருங்க" என்று அவரை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, அடுத்த லோடு ஏறிய வேனில் டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பீமராவ் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. உனக்கு இன்னும் முப்பதுகூட ஆகலை. நாளையிலிருந்து அவன் வரவேணாம், நான் கம்பெனியையே மூடிடறேன்."

"மூடினா இவரு என்னை யாருன்னு கண்டுபுடிச்சிருவாராங்க?" என்றாள் அவள். "அவ்வளவு தூரம் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லாமதானே இப்படி ஆச்சு. கதவை விடுங்க முதலாளி, போயிட்டு வரோம்."

பீமராவ் கதவை விட்டார். கிழவர் ஸ்டூலிலிருந்து எழுந்துவந்து, பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்காமலே வண்டியை எடுத்தார்.

அரை மணி நேரம் யாரும் வேலை செய்யவில்லை. பீமராவ் கேட்டிலேயே நின்றார். வேன் வந்தது. முதலில் இறங்கிய அமிர்தத்துக்கு முடி முழுக்க வெள்ளையாகியிருந்தது, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. ஊறுகாய் ஜாடியை எந்த வளைவில் உடைத்தது யார் என்று இருவருக்கும் சண்டை.

"நீதான் அமிர்தம், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் தங்கையன்.

"ஆமா, உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள் அவள்.

பீமராவ் இரண்டு டீ சொன்னார். கோடவுன் ஆட்கள் வேனின் பின்கதவைத் திறந்து அடுத்த லோடு ஏற்ற ஆரம்பித்தார்கள்.