1970க்கு முன் பிறந்தவர்கள்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில், பழைய ப்ரோகிராமுக்குள் அந்த வரியை அவன் கண்டுபிடித்தான். ஒன்பது வருடம் முன்பு அவனே சி மொழியில் எழுதிய வரி. பிறந்த தேதியை நொடிகளாக மாற்றும் ஃபங்ஷன் மைனஸ் ஒன்று என்று சொன்னால் தேதி தப்பு. அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போ. யாரோ தேதியைக் கன்னாபின்னாவென்று அடித்துவைத்ததற்காக, புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் கடிதங்கள் மொத்தமும் நின்றுவிடக் கூடாதே என்று செய்த கெட்டிக்காரத்தனம். விட்டவர் யார் என்று ஓரிடத்தில் குறித்துவைக்க மட்டும் அவனுக்குச் சோம்பல்.

கம்ப்யூட்டர் அந்த நொடிகளை எண்ணத் தொடங்குவது 1970லிருந்து. பழைய சர்வரில் வம்பில்லை. 1970க்கு முந்தைய தேதிகளையும் அது ஒழுங்காகக் கணக்கிட்டது. இரண்டு வருடம் முன்பு வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறினார்கள். புதியது அந்தத் தேதிகளைக் கண்டாலே மைனஸ் ஒன்று என்று கைவிரித்தது. அன்றிலிருந்து அந்த வயதுக்காரர் ஒருவருக்கும் கடிதம் போகவில்லை. அவனுடைய அக்கா பிறந்தது 1968.

அக்கா பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தா. காகிதம் வந்தால்தான் எதுவும் நடக்கும் என்பது அவள் கட்சி. "என் தம்பி ப்ரோகிராம். நேரமானா லெட்டர் வரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். இப்போது இதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் படுத்திருக்கிறாள். இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாடிக்குப் போனான்.

"எல்லாம் என் தப்புடா. லெட்டர் வரலேன்னா நானா வந்து கேட்டிருக்கணும்" என்றாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டா அவள் போய்ச் சேர வேண்டும்?

"உன் தப்பு இல்லக்கா. உனக்கு லெட்டர் போகவே இல்ல. நான் எழுதுன ப்ரோகிராம் உன்னை விட்டுடுச்சு."

ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லும்போதே அழுதான்.

"என்னை மட்டுமா?"

"நாலாயிரம் பேருக்கு மேல இருக்கும்."

"அவங்களுக்குச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல. முதல்ல உன்கிட்ட..."

"அறிவிருக்காடா உனக்கு? எந்திரி. போய் அனுப்பு."

எழுந்தவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.