அண்ணன் உட்கார ஒரு அட்டை நாற்காலி

...இல்லை, நாற்காலிக் கால்களை அட்டையின் நெளி படுத்திருக்கும்படி வெட்டியதுதான் தப்பு, அட்டைப்பெட்டி கம்பெனியில் பதினோரு வருஷம் என்ன குப்பை கொட்டினேன், அட்டைக்குள் ஓடும் நெளி நெட்டுக்குத்தாக நின்றால்தான் பாரம் தாங்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவளே நான்தான், ஆனால் கத்தியை எடுத்ததும் துண்டு வீணாகக் கூடாதென்று கை தானாக அட்டையைத் திருப்பிப் போட்டுவிடுகிறது, தொழில் புத்தி, மூன்று நாள் வேலை இப்போது என் கண்ணெதிரே முழங்கால் மடங்கிக் கிடக்கிறது... சரி, மறுபடி வெட்டு. நாலு மணிக்கு அண்ணன் வருகிறார், இப்போது பதினொன்று, முடிந்தே ஆக வேண்டும். "ஒரு இரும்பு நாற்காலி வாங்கிட்டா போச்சு" என்கிறார் என் வீட்டுக்காரர், வாங்கலாம், ஆனால் பார்த்ததுமே தன் கனத்த உடம்புக்காக வாங்கியது என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே, அட்டையே தாங்கினால் அப்புறம் எந்த நாற்காலிக்கு அவர் பயப்படுவார்?

ஒரு கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி கால் விரிந்து அண்ணன் மல்லாந்தபோது கையிலிருந்த ஐஸ்கிரீம் கப் மட்டும் சிந்தாமல் நின்றது, அதைப் பார்த்துத்தான் சிரித்தேன், முதலில் சிரித்தது நான்தான், ஆனால் ஐஸ்கிரீமைப் பார்த்துத்தான்... யாரிடம் சொல்கிறேன் இதை? அன்றிலிருந்து இரண்டு வருஷமாக வருகிறார், உட்காருவதே இல்லை, இந்தச் சுவரில் சாய்ந்து நிற்கிறார், "இல்லம்மா, கிளம்பணும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் நின்று பேசுகிறார், எனக்குத்தான் கால் வலிக்கிறது. கால் அட்டைகளில் பள்ளம் வெட்டு, ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறக்கு, இருக்கைக்கு எட்டு அடுக்கு... நானும் வீட்டுக்காரரும் சேர்ந்தே ஏறி நின்றோம், அசையவில்லை.

நாலே காலுக்கு அண்ணன் வந்தார், நாற்காலியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "அட்டையா?" "ஆமாண்ணா, நாங்க ரெண்டு பேரும் ஏறி நின்னு பாத்தாச்சு." சொல்லியிருக்கக் கூடாதோ, அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றார். திரும்பினேன், சுவரில் அவர் தோள் பட்டுப் பட்டுப் படிந்த கறை நேர் எதிரே, இத்தனை நாள் துடைக்கவே தோன்றவில்லை, ஒருவேளை நாற்காலிக்குப் பயந்து இல்லையோ, நான் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நின்றாரோ... பின்னாலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டாரா, இன்னும் நிற்கிறாரா, நான் திரும்பிப் பார்க்கவில்லை.