பன்னிரண்டு மதில், ஆறு பேர்

எட்டு மாதத்துக்குப் பிறகு திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைப் புள்ளி எரிந்தது. என் மனைவி கணினி ஆட்டத்துக்குள் வந்திருந்தாள்.

ஞாயிறு, மாலை ஐந்தரை. சாப்பிட்ட தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையிலிருந்து அவள் தன் கணினியை எடுத்துப் போனபிறகு அந்த மேசைமேல் மடிக்காத துணிகள் கிடக்கின்றன.

எனக்குக் கிடங்கில் பார்சல் பிரிக்கும் இரவு வேலை. அவளுக்குப் பல் மருத்துவமனையில் பகல் வேலை. அவள் ஐந்தரைக்கு வருவாள், ஆறரைக்கு நான் கிளம்புவேன். இடையில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் இருவரும் ஒரே அணியாகக் கோட்டை கட்டிச் சண்டை போடுவோம். அதைத்தான் குடித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தில் ஆளுக்கு ஆறு வேலையாட்கள். அவள் தன் ஆட்களை நானும் ஏவும்படி திறந்துவிடுவாள். பன்னிரண்டு பேரையும் மொத்தமாகப் பிடித்து, மதில் எழுப்பவேண்டிய பன்னிரண்டு இடங்களை வரிசையாகக் குறிப்பேன். அப்படியே விட்டால் எல்லோரும் கூட்டமாக முதல் மதிலுக்கு ஓடுவார்கள், பிறகு இரண்டாவதுக்கு. அதைத் தடுக்க ஒரு விசை உண்டு. அழுத்தினால் வேலை சமமாகப் பிரிந்து ஆளுக்கொரு மதிலாகப் போய்விடும். அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அதனால் அவளை மேஸ்திரி என்று கூப்பிடுவேன். இப்படி ஒரு விசையைச் சமையலறைச் சுவரிலும் பதித்தால் தேவலை என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். நான் சிரித்தேன். அடுத்த மாதம் வேறு ஊரிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

“என்ன ஆந்தை, முழிச்சிருக்கியா?” காதுக்குள் அவள் குரல்.

இரவு வேலையை விட்டு மூன்று வாரம் ஆகிறது என்றேன்.

“இந்த ஞானம் எட்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாம், மகாராசா.”

மகாராசா என்றாள். எனக்கு அது போதும். இனி மாலையெல்லாம் வீட்டில்தான் இருப்பேன், வந்துவிடு என்று சொல்லத்தான் வேலையையே விட்டேன். ஆட்டம் முடிந்ததும் கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

கை பழையபடி ஓடியது. எல்லோரையும் பிடி, பன்னிரண்டு இடம் குறி, விசையை அழுத்து. எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று பார்க்கவில்லை. எதிரியின் குதிரைப்படை வந்தபோது ஆறு மதில்தான் நின்றது. என் ஆறு பேர் மட்டும் தலைக்கு இரண்டு மதில் என்று பிரிந்து, ஒன்றை முடித்து இரண்டாவதை நோக்கி அப்போதுதான் நடந்துகொண்டிருந்தார்கள்.

“கிழக்குல ஏன் ஆளே இல்ல?” என்றாள்.

“உன் ஆளுங்களையும் சேர்த்துதான் வேலையப் பிரிச்சேன்.”

“நான் திறந்து விடலையே.” மெதுவாகத்தான் சொன்னாள். “அவங்க என் மதிலக் கட்டினாங்க.”

பார்த்தேன். திரையின் மறுமூலையில் அவள் மதில் ஒரு கல் குறையாமல் நின்றது. குதிரைகள் என் பக்கமிருந்த ஓட்டை வழியாக நுழைந்து இரண்டு கோட்டைகளையும் இடித்தன.

தோற்றபிறகு கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

“வீட்டுக்கு வர்றியா?”

“இல்லப்பா.” குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது இழுத்திருப்பேன். அக்கா ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டதாம், தனி அறையும் பார்த்துவிட்டாளாம். “ஞாயித்துக்கிழமை வேணா ஆடலாம். உன் ஆளு உன்கிட்ட, என் ஆளு என்கிட்ட.”

புள்ளி அணைந்தது.

தனியாக ஓர் ஆட்டம் திறந்தேன். ஆறு பேரையும் பிடித்து, ஒரே ஒரு மதிலைக் குறித்து, விசையை அழுத்தினேன். ஒருவன் போனான். மற்ற ஐந்து பேரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்கள். அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. மணி ஆறரைகூட ஆகவில்லை.