பஞ்சை யார் பிடுங்கச் சொன்னது?

குப்பைத் தொட்டியில் கிடந்தது என் பஞ்சு. ஒரு முழம், இரண்டு முழம் இல்லை. படகின் இரண்டு பக்கமும் நான் அடித்திருந்த மொத்தத் திரியும், டீ குடித்த காகிதக் கோப்பைகளுக்கு அடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. படகுக் கொட்டகைக்குள் நான் இன்னும் காலே எடுத்து வைக்கவில்லை. அதற்குள் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிய ஆரம்பித்துவிட்டது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எல்லாரும் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவளுக்கு வேறு எங்கே இருக்குமாம்?

உள்ளே போனால், சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் என் படகைச் சுற்றி நின்றுகொண்டு கை தட்டுகிறார்கள். படகின் முனையில் சிவப்பு ரிப்பன் வேறு. நடுவில் என் கொழுந்தனார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தலைவர் பேட்ஜைக் குத்திக்கொண்டு நிற்கிறார். குளியலறை டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். போன வருஷம்தான் எங்கள் பழைய படகுச் சங்கத்துக்குத் தலைவர் ஆனார்.

"சர்ப்ரைஸ், அண்ணி!" என்றார்.

படகைப் பார்த்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே வழவழவென்று சாம்பல் நிறக் கோடு ஓடியது. எங்கேயோ பார்த்த கோடு. அவர் கடையில், டைல்ஸுக்கு நடுவில் பூசிக் காட்டுவார்களே, இரண்டு டப்பாவைக் கலந்து பூசினால் கல்லாக இறுகிப்போகும் எபாக்ஸி, அதேதான்.

மரப் படகைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பஞ்சுக்குப் போய் இவள் ஏன் இந்தக் குதி குதிக்கிறாள் என்று தோன்றும். கொட்டகையில் மாதக்கணக்கில் கிடக்கிற படகு காய்ந்து சுருங்கும், பலகை இடுக்குகள் திறந்துகொள்ளும். அந்த இடுக்கில் பஞ்சைத் திரியாக்கி உளியால் அடித்து, மேலே மெத்தென்று பட்டி பூசுவோம். தண்ணீரில் இறக்கினால் முதலில் ஒழுகும், நன்றாகவே ஒழுகும். கரையோரத்தில் அப்படியே தரைதட்டி உட்கார்ந்துவிடும். பேசாமல் விட்டுவிட வேண்டும். பலகை தண்ணீரைக் குடித்து உப்பி, பஞ்சை நசுக்கி, இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். அப்புறம் இறைத்துவிட்டால் ஒரு சொட்டு உள்ளே வராது. ஆனால் இடுக்கில் கல் மாதிரி எதையாவது வைத்து அடைத்துவிட்டால் பலகை உப்புவதற்கு இடம் ஏது? இடம் இல்லை என்பதற்காக மரம் உப்பாமல் இருக்காது. உள்ளே இருக்கிற விலாக் கட்டைகளைப் படபடவென்று ஒடித்துக்கொண்டு உப்பும்.

எங்கள் சங்கத்தில் படகு இறக்கும் நாளின் கொண்டாட்டமே கரையோரம் உட்கார்ந்திருக்கும் அந்தப் படகுகள்தான். எல்லாரும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வாளியும் கையுமாக ஒருத்தர் படகில் இன்னொருத்தர் இறைப்போம். இருக்கிற படகுகளிலேயே அதிகம் குடிப்பது என்னுடையதுதான். 'சல்லடை' என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். இன்றைக்குத்தான் அந்த நாள். இந்த வருஷம் வேறொரு சங்கத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், கரையில் நாற்காலி போட்டிருக்கிறது. டைல்ஸ் கடைக்காரருக்குச் சல்லடை அவமானமாகப் போய்விட்டது போல.

"யாரு வேலை இது?" என்றேன்.

பல் டாக்டர் முன்னால் வந்தார். நல்ல மனுஷன், வாரா வாரம் எல்லாருக்கும் ஃபிளாஸ்கில் டீ கொண்டு வருவார். சங்கத்தில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படகு இறக்குவதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

"நான்தான் மேடம். நேத்து சாயங்காலம் உக்காந்து பழைய பஞ்சையெல்லாம் சுத்தமா எடுத்துட்டு அடைச்சேன். என் கிளினிக்குல கூட இவ்வளவு பொறுமையா நான் அடைச்சதில்ல."

"என் படகுக்குப் பல் வலின்னு உங்ககிட்ட வந்து சொன்னேனா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

"அது பழைய பஞ்சு இல்ல டாக்டர். டூட்டி முடிஞ்சு வந்து, தினம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இங்க மண்டி போட்டு அடிச்சது. ரெண்டு மாசம். முந்தாநேத்துதான் முடிச்சேன். முட்டியைப் பாக்கறீங்களா?"

"அண்ணி, அண்ணி," என்று கொழுந்தனார் கையை ஆட்டினார். "உங்க நல்லதுக்குத்தான் பண்ணோம். அண்ணன் போனதுல இருந்து நீங்க ஒத்தையா கஷ்டப்படறீங்க. இன்னிக்கு இறக்கலன்னா இடம் வேற போயிடும். எல்லாரும் சேர்ந்து ஒரு கை குடுப்போம்னு..."

இடத்தைப் பற்றி அவர் சொன்னது மட்டும் நிஜம். கொட்டகை சின்னது. இறக்கும் நாளில் தொடர்ந்து இரண்டு வருஷம் தண்ணீரைத் தொடாத படகுக்கு இடம் கிடையாது. போன வருஷம் அதே நாளில் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்தார். இந்த வருஷமும், இறக்குவது முடிந்தது என்று மதியம் ஹாரன் அடிப்பதற்குள் இறக்காவிட்டால் படகை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? குடியிருப்பது மூன்றாவது மாடி. வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். இந்தப் பசையோடு இறக்கினால் விலா ஒடியும். இறக்காவிட்டால் இடம் போகும். இவர்கள் குடுத்த ஒரு கை என்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

டாக்டருக்குத் தெரியாது, சரி. கொழுந்தனாரின் படகு பிளைவுட்டில் செய்தது, குடிக்கவே குடிக்காது. அவருக்கும் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். தச்சருக்குமா தெரியாது? அவர் மூலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சங்கத்துப் படகுகளில் பாதி அவர் கை பட்டவை.

"நீங்க நேத்து இங்க இருந்தீங்களா?"

"இருந்தேம்மா."

"இது விலாவை ஒடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப வாயில என்ன பூட்டா?"

"தலைவர் உங்க கொழுந்தனாராச்சே. வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன். குடும்ப விஷயத்துல நான் எப்படி..." என்று இழுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த சாவிக்கொத்தைத் தரையில் ஓங்கி அடித்தேன்.

"ஒரே ஒரு கேள்வி. அவரு உசுரோட இருந்தா, இந்தப் படகு மேல யாராவது கை வெச்சிருப்பீங்களா?"

கொழுந்தனார்தான் வாயைத் திறந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், பாவி.

"அண்ணன் இருந்தா, அவரை ஒரு வார்த்தை கேட்டிருப்போம்."

கேட்டீர்களா? அவரைக் கேட்டிருப்பார்களாம்! அவர் ஒரு நாள் உளியைத் தொட்டதில்லை. கணக்கு வாத்தியார், கையில் சாக்பீஸ் தவிர எதையும் பிடித்துப் பழக்கம் இல்லை. சுக்கான் பிடிப்பார், அதை அழகாகப் பிடிப்பார், மறுக்கவில்லை. பலகை மாற்றியது, பஞ்சு அடித்தது, பட்டி பூசியது எல்லாம் நான். "வாத்தியாரே, படகை என்னமா வெச்சிருக்கீங்க!" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு புன்சிரிப்பு சிரிப்பார். 'அவ செஞ்சது' என்று ஒரு நாள் சொன்னாரா? சொல்லவில்லை. செத்துப்போன மனுஷன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம்தான்.

"ரொம்ப சந்தோஷம்," என்று சேலையை இழுத்துச் செருகினேன். பெயின்ட் உரிக்கிற சூட்டுக்காற்று மெஷினை எடுத்து பிளக்கில் சொருகினேன்.

"என்ன அண்ணி பண்றீங்க? விருந்தாளிங்க வந்துட்டாங்க!"

"வரட்டும். வேடிக்கை பாக்கட்டும்."

"இப்ப பிரிச்சீங்கன்னா மிதக்காது. ஹாரனுக்குள்ள இறக்கலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். இடத்துக்கு வெளிய ஆள் காத்துக்கிட்டிருக்கு."

"நான் உன்கிட்ட சலுகை கேட்டேனா?"

இத்தனை வருஷத்தில் அவரை 'நீ' என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டேன். திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நேற்று சாயங்காலம் பூசியது. இரவு நல்ல குளிர். முழுசாக இறுக ஒரு நாளாவது ஆகும் என்று கடையில் அவரே ஆயிரம் பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சூடு காட்டினேன், பசை நெகிழ்ந்தது. சுரண்டியை உள்ளே விட்டு இழுத்தேன், பட்டையாக வந்தது. மேல் இடுக்குகள் தண்ணீருக்கு வெளியே இருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அடியில் இருப்பவை மட்டும் திறந்தால் போதும். அதுவே உயிரை வாங்கியது. புகை கண்ணைக் கரித்தது. ஒரு பக்கம் பாதி வருவதற்குள் வெளியே மற்றப் படகுகளை இறக்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

தச்சர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் அவருடைய சுரண்டி.

"செய்யட்டுமா?"

"இப்ப மட்டும் வாய் வருதா?"

"தப்புதாம்மா. அந்தப் பக்கம் நான் செய்யட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

"செய்ங்க. பலகை ஓரத்தைச் சிராய்ச்சீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

டாக்டர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், அழாத குறையாக. "அவ்வளவு நேரம் எடுத்து அடைச்சேனே," என்றார்.

"அடைச்ச கைதானே? பிடுங்கவும் தெரியும்ல? வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, பிடுங்குவதில் மனுஷன் கெட்டிக்காரர். மூன்று பேரும் பேசாமல் சுரண்டினோம். நான் மட்டும் நடுநடுவே திட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசி இடுக்கு திறந்தபோது நேரம் ரொம்ப இல்லை. ரிப்பனைப் பிய்த்துப் போட்டுவிட்டு, படகை வண்டியோடு சரிவில் தள்ளிக்கொண்டு போனோம். கரையில் விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தனார் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் ஏதோ வழிந்துகொண்டிருந்தார். படகு தண்ணீரில் வழுக்கி இறங்கியது. நானும் ஏறி உள்ளே நின்றேன்.

பஞ்சு இல்லாத இடுக்கு, கேட்க வேண்டுமா? எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் உள்ளே வந்தது. கணுக்கால், கெண்டைக்கால், முட்டி என்று ஏறியது. அடிக்கட்டை மணலில் இடித்தது, படகு சாவகாசமாக உட்கார்ந்தது. விருந்தாளிகளில் ஒரு அம்மா "ஐயையோ, முழுகிடுச்சே!" என்று எழுந்தே விட்டார். மறுபடி தூக்கிக் காயவைத்துப் பஞ்சு அடிக்க வேண்டும், அது என் பாடு. ஆனால் விலாக் கட்டை ஒவ்வொன்றையும் காலால் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"அண்ணி, மிதக்கலையே," என்றார் கொழுந்தனார், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

"என்னிக்கு இந்தச் சங்கத்துல முதல் நாளே மிதந்துச்சு? பக்கத்துல பாரு."

பக்கத்தில் இன்னும் இரண்டு படகுகள் தரைதட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றை அவர் ஏற்கெனவே 'இறங்கியாச்சு' என்று மைக்கில் அறிவித்தாகிவிட்டது. தச்சர் சரிவில் நின்றபடியே குரல் கொடுத்தார். "தண்ணியில உக்காந்தா இறக்கினதாத்தான் அர்த்தம், தலைவரே. நானே எத்தனை வருஷமா பாக்கறேன்." இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

கொழுந்தனார் சுற்றிப் பார்த்தார். யாரும் அவர் பக்கம் பேசவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"வாத்தியார் படகு, தண்ணியில இறங்கியாச்சு!"

எல்லாரும் கை தட்டினார்கள். இடம் தப்பித்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"யாரு படகு?" என்று கத்தினேன்.

கைதட்டல் நின்றது. கொழுந்தனார் சிரிக்கப் பார்த்தார். "எதுக்கு அண்ணி இப்ப... நம்ம வீட்டுப் படகுதானே."

"நம்ம வீட்டுல யாரு இதுக்குப் பஞ்சு அடிச்சா? நீயா? உங்க அண்ணனா?"

"சரி, சரி." மறுபடி மைக். "அண்ணி படகு!"

"நான் உனக்குத்தான் அண்ணி. இங்க நிக்கற இவங்களுக்கெல்லாம் நான் யாரு?"

ஹாரன் பொத்தான்மேல் கை வைத்திருந்த ஆள் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார். முட்டிவரை தண்ணீரில் நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, புகையால் இல்லை. செத்துப்போன அந்த மனுஷன் ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு வார்த்தை. இனிமேல் அவர் வந்து சொல்லப்போவதில்லை. அவர் தம்பி இவன் சொல்லட்டும், இத்தனை பேர் முன்னால் சொல்லட்டும்.

"பஸ் ஓட்டறவங்க," என்று டாக்டர் கொழுந்தனாரின் காதில் மெதுவாகச் சொன்னது மைக்கில் கேட்டது.

கொழுந்தனார் என்னையே பார்த்தார். அப்புறம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"டிரைவரம்மா படகு," என்றார். "தண்ணியில இறங்கியாச்சு."

"இப்ப அடி ஹாரனை," என்றேன்.